நீலக் குஞ்சுகள் மூன்று

லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில், நெசவாளர் ஜோசையா டக்கெட்டின் கறுப்புக் கட்டைமூக்குப் புறாக்களுக்கு இருந்த மரியாதை ஜோசையாவுக்கு இருந்ததில்லை. பதினோரு வருடம் மாடிக்கூண்டோடு மாரடித்த பிறகு, இந்த வருடம்தான் புறா சங்கம் அவரைக் கண்காட்சிக்கு நடுவராக்கியிருந்தது. அந்த நாளுக்கென்று கோட்டு ஒன்று தைக்கக் கொடுத்திருந்தார். இன்னும் மூன்று வாரம்.

சங்கத்துக்காரர்கள் ஒரு விஷயத்தைத் தேவாலயத்தில் ஜெபிப்பதைவிட உறுதியாக நம்பினார்கள். விசிறிவால் புறாவுக்கு ஒரு ஆதி, கரணப் புறாவுக்கு ஒரு ஆதி, கட்டைமூக்குக்கு ஒரு ஆதி. அந்த ஆதிப் புறாக்களை எவரும் கண்டதில்லை. தூர தேசத்தில் எங்காவது இருக்கும் என்பார்கள். போன வருடம் கிளம்பிய புதுக் கொள்கை, எல்லாமே ஒரே பாறைப் புறாவின் வாரிசுகள் என்றபோது சிரித்து இரண்டு பேருக்குப் புரையேறியது. தான் விற்கிற சரக்கும் தெருவில் சும்மா பறக்கிற சரக்கும் ஒன்றே என்றால் எந்த வியாபாரி சம்மதிப்பான்?

ஜோசையாவும் சிரித்தார். மற்றவர்களைவிடக் கொஞ்சம் குறைவாக.

காரணம் இருந்தது. நான்கு வருடம் முன்பு, சொந்தத்துக்குள்ளேயே ஜோடி சேர்த்துச் சேர்த்து அவருடைய புறாக்கள் நோஞ்சானாகிவிட்டன. முட்டை பொரிக்கவில்லை. யாருக்கும் தெரியாமல் ஒரு வெள்ளை விசிறிவால் பெட்டையை உள்ளே விட்டார். வம்சம் பிழைத்தது. ஆனால் போன வருடம் பொரித்த பேரக்குஞ்சுகளில் மூன்று, சாம்பல் நீலத்தில், சிறகில் இரண்டு கறுப்புப் பட்டையோடு, தேவாலயக் கூரையில் எச்சமிடுகிற நாதியற்ற புறா மாதிரியே வந்து நின்றன. கறுப்புத் தாத்தாவின் நிறமும் இல்லை, வெள்ளைப் பாட்டியின் நிறமும் இல்லை.

அப்படி ஒன்று பிறந்தால், பக்கத்து வீட்டுக்காரன் பார்ப்பதற்குள் கறிச்சட்டிக்குப் போய்விடும், அதுதான் வழக்கம். ஜோசையாவுக்குக் கழுத்தைத் திருக மனசு வரவில்லை. பால்ய நண்பனும் சங்கத்து உறுப்பினனுமான, தொப்பி தைக்கிற எனோக் பிரிம்லியிடம் எல்லாவற்றையும் சொல்லிக் கூடையைக் கொடுத்தார். மறுநாள் எனோக் வயிற்றைத் தடவிக்கொண்டு வந்தான். "மிளகுதான் ஒரு பிடி தூக்கல். மத்தபடி இளங்கறிய்யா, வெண்ணெயா கரைஞ்சுது."

கண்காட்சிக்கு மூன்று வாரம் இருக்கையில், இந்த ஞாயிறு மதியம் பீர்க்கடை மாடியில் சங்கம் கூடியது. தலைவர் காட்ஸ்பி, ஆட்டிறைச்சிக் கடைக்காரர், ஒரு சின்ன அச்சுப் புத்தகத்தைக் கையில் வைத்திருந்தார். ஹாலிவெல் என்ற டாக்டர் புதுக் கொள்கைக்குச் சாட்சி திரட்டி எழுதியது. உரக்கப் படித்தார்: ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நெசவாளர் ஒருவரின் கூண்டில், கறுப்புக் கட்டைமூக்கையும் வெள்ளை விசிறிவாலையும் கலந்ததில், மூன்று பேரக்குஞ்சுகள் பாறைப் புறாவின் நிறத்திலேயே பிறந்தன, அவற்றின் தோலைப் பதப்படுத்தி அனுப்பிய மதிப்பிற்குரிய நண்பர் எனோக் பிரிம்லிக்கு நன்றி.

கட்டைமூக்கு வளர்க்கிற நெசவாளர் அந்த வட்டாரத்தில் ஒருவர்தான்.

"மிளகு தூக்கல்னு சொன்னியேய்யா," என்றார் ஜோசையா. எனோக் பக்கம் திரும்பினார்.

எனோக் தொப்பியை மடியில் வைத்துச் சுற்றினான். "உன் பேரைப் போடக் கூடாதுன்னு கண்டிஷனா எழுதினேன்யா."

"பேரை மட்டுந்தான் விட்டு வச்சிருக்க."

"அவரு கடுதாசில 'அன்புள்ள ஐயா'ன்னு எழுதறாருய்யா, எனக்கு! இத்தனை வருசத்துல எவன் என்னை ஐயான்னு கூப்பிட்டான்? 'ஏய் தொப்பி'ம்பான். அவரு வீட்ல நாற்காலி போட்டு உக்கார வச்சாரு."

காட்ஸ்பி மேசையைத் தட்டினார். "மிஸ்டர் டக்கெட், நாங்க உங்க பக்கம். அந்தக் குஞ்சுங்க என்னுதில்லன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. டாக்டரு புளுகன், தொப்பிக்காரன் புளுகன்னு எழுதி வச்சிட்டு ஆளுக்கு ஒரு பீர் குடிக்கலாம்."

பேரம் படிகிற விலைதான். ஒரு பொய்க்கு நடுவர் பதவி. ஜோசையா சுற்றிலும் பார்த்தார். இந்த முகங்களில் எத்தனை பேர் வீட்டுச் சட்டியில் நீலம் வெந்திருக்கும் என்று அவருக்குத் தெரியும். ஒருவன் வாயைத் திறந்தால் எல்லோரும் திறப்பார்கள், எல்லோருக்கும் பாரம் இறங்கும் என்று நம்பிவிட்டார். நாற்பது வருடச் சந்தைப் பழக்கம் உள்ளவர் செய்யக் கூடாத கணக்கு.

"மூணும் என் கூண்டுல பொரிச்சதுதான். டக்வொர்த் அண்ணே, போன வசந்தத்துல உங்க கரணப் புறா நீலமா ஒண்ணு போட்டுச்சே, நான் பாத்தேனே. காட்ஸ்பி ஐயா, உங்க வீட்ல ரெண்டு. சொல்லுங்க, யாரு வீட்ல பொறக்கல?"

டக்வொர்த் பீருக்குள் எதையோ தேடினார். காட்ஸ்பியின் காது சிவந்தது.

"என் வீட்ல ஆட்டுக்கறி தவிர எதுவும் வேகறதில்ல," என்றார் காட்ஸ்பி. "கலப்பு ரத்தத்தைச் சுத்தம்னு காட்டினவரு சங்கத்துல இருக்க முடியாது. நீக்கணும்ங்கறவங்க கை தூக்கலாம்."

டக்வொர்த்தின் கை முதலில் எழுந்தது. பிறகு வரிசையாக, அவசரமாக. ஜோசையா எனோக்கைப் பார்த்தார். அந்த மூன்று தோல்களும் அசல் என்று அந்த அறையில் அவரைத் தவிர அறிந்திருந்த ஒரே ஆள்.

எனோக் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டான்; இரண்டு கையும் காலியாயிற்று. வலதைத் தூக்கினான்.

"சங்கத்து விதின்னு ஒண்ணு இருக்குல்லய்யா," என்றான்.