அம்மன் குடிபோன வீடு

என் வீட்டுக்காரர் அலோசியஸ் சரித்திரம் படிப்பிக்கிற மாஸ்டர். ராகலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யார் வீட்டுக்குப் போனாலும், பேச்சில் ரோமாபுரியை இழுக்காமல் அவரால் இருக்க முடியாது.

எங்கள் மாதா கோயிலின் சுவர் மழையில் சரிந்தது அவருக்கு நல்ல சாக்காகப் போயிற்று. தொழிலாளர் குடியிருக்கிற லயத்துக்குப் பக்கத்தில் பழைய மாரியம்மன் கோயில் காலியாகக் கிடந்தது. ரோட்டோரம் புதுக்கோயில் கட்டி, அம்மனைக் கும்பத்தில் இறக்கி, தப்படித்துக்கொண்டு அங்கே கொண்டுபோய்விட்டார்கள். "பழசை வேதக்காரங்களுக்குக் குடுப்போம், சாமி கும்பிடத்தானே கேக்குறாங்க" என்று கோயில் கமிட்டியில் எழுந்து சொன்னவர் அதன் தலைவர், என் அண்ணன் கந்தப்பன். நானும் அந்த அம்மனுக்குப் பால்குடம் எடுத்து வளர்ந்தவள்தான். அலோசியஸைக் கட்டிக்கொள்வதற்காக வேதத்துக்கு வந்தேன்.

கமிட்டி முடிந்த அன்று எங்கள் வீட்டில் அண்ணனோடு தேத்தண்ணி குடித்துக்கொண்டே இவர் ஆரம்பித்தார்.

"மச்சான், ரோமாபுரியில எல்லாச் சாமிக்கும் சேத்து ஒரு கோயில் இருந்துச்சி. ஆயிரத்து நானூறு வருசத்துக்கு முந்தி அதை மாதா கோயிலா மாத்துனாங்க. இன்னைக்கும் அப்படியே நிக்கிது."

அண்ணன் கோப்பையைக் கீழே வைத்தார். "அங்க இருந்த சாமிங்க எங்க போனாங்க?"

மாஸ்டர் வெறும் கோப்பையை வாயில் வைத்து உறிஞ்சினார். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

வெள்ளையடித்துச் சிலுவை வைத்தோம். ஃபாதர் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். வேலைக்கு ஆள் அனுப்பியது அண்ணன், கூரைத் தகரம் கொடுத்தது அண்ணன். ஆனால் வாசலைத் தாண்டி ஒரு நாளும் உள்ளே வரவில்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நான் மதம் மாறிக் கட்டியபோதும் இப்படித்தான், என் கல்யாணத்துக்கு வரவில்லை. இப்போது அந்தக் கோயிலில் நடக்கப்போகிற முதல் கல்யாணம் என் மகள் நிரோஜினியுடையது. தாய்மாமன் முன்னால் நின்று மாலை போடாவிட்டால் அது என்ன கல்யாணம்? அதுவும் அவர் தோளிலேயே வளர்ந்த பிள்ளைக்கு.

நேரே போய்க் கேட்டேன். "அண்ணே, நீங்க ஏசுவைக் கும்பிட வேணாம். பிள்ளைக்காக வந்து நில்லுங்க."

"வர்றேன் தங்கச்சி" என்றார்.

வந்தார். வெள்ளை வேட்டி, கையில் மாலை. செருப்பைத் தூரத்திலேயே கழற்றிவிட்டு வந்து, படிக்கு வெளியே நின்றுகொண்டார். மணி அடித்தது. அலோசியஸின் கையைப் பிடித்து வந்த நிரோஜினி வாசலில் நின்றுவிட்டாள்.

"மாமா, வாங்க."

"நீ போம்மா. நான் இங்கயே நிக்கிறேன்."

என் நாக்கில் ஏச்சு ரெடியாக இருந்தது. அதற்குள் அவரே சொன்னார்.

"அம்மனை என் தலையில வச்சித்தாம்மா தூக்கிட்டுப் போனேன். அவ இல்லாத வீட்டுக்குள்ள எப்படிக் கால வைக்கிறது?"

வேதத்தின் மேல் வெறுப்பு என்றுதான் இத்தனை மாதமும் நான் நினைத்திருந்தேன்.

நிரோஜினி கையை நீட்டினாள். "அவங்க இல்லாட்டி என்ன மாமா, நான் இருக்கேன்ல."

அண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார், அம்மன் சந்நிதிக்குப் போகும்போது கட்டுவதைப் போலவே.

அந்த வாசலில் மூன்று பேர் சேர்ந்து நுழைய முடியாது. மகளைப் பீடம் வரைக்கும் அப்பன்தான் கூட்டிப்போக வேண்டும், அதுதான் எங்கள் முறை. ஃபாதர் அங்கே காத்துக்கொண்டிருந்தார். அலோசியஸ் அவள் கையை விட்டார்.

"மச்சான், நீங்க கூட்டிட்டுப் போங்க."

ரோமாபுரியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவர்கள் இரண்டு பேரும் உள்ளே போனார்கள். இவர் பின்னால் வந்து என் பக்கத்தில் நடந்தார். நான் இவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கட்டிக்கொண்ட நாளிலிருந்து, தோட்டமே பார்க்க நான் அப்படிப் பிடித்தது அன்றைக்குத்தான்.