பாலம் எழும்பிய நேரம்

துறைமுக நகரத்துக் கோட்டையைப் பார்ப்பதா, கால்வாய்க்கு அந்தப் பக்கத்து ஊருக்குப் போவதா என்று விடுதி அறையில் மூண்ட சண்டையில், தையற்காரியும் அவள் கணவனும் காலையிலிருந்து பேசிக்கொள்ளவில்லை. வார விடுமுறை உப்புச்சப்பில்லாமல் கழிந்தது. அவன் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு பாலத்தில் விறுவிறுவென்று நடந்து அக்கரைக்குப் போய்விட்டான். இவள் வீம்புக்குக் கோட்டைப் பீரங்கிகளைப் பார்த்தபடி இக்கரையிலேயே நின்றாள். ஐந்து வயது மகள் அப்பா செல்லம். அவன் பின்னாலேயே ஓடியிருப்பாள்.

சங்கு ஊதியது. கப்பலுக்கு வழிவிடப் பாலம் நடுவில் பிளந்து மேலே எழும்பியது.

"தொலையட்டும். கொஞ்ச நேரமாவது நிம்மதி" என்று முணுமுணுத்தாள்.

கூப்பிடு தூரத்தில், அக்கரையில், அவன் தனியாக நின்றான். கழுத்தை நீட்டி இவள் பக்கத்தில் எதையோ தேடினான். சட்டென்று திரும்பினாள். பீரங்கிகள், முன்பின் தெரியாத முகங்கள், இடுப்பளவுகூட இல்லாத சுவர், அதற்குக் கீழே கறுத்த தண்ணீர்.

கப்பல் ஆடி அசைந்து நடுவில் வந்து அவனை மறைத்தது. நகரவே மாட்டேன் என்பதுபோல் ஊர்ந்தது. அது விலகியதும், காலையிலிருந்து ஒருவரிடம் ஒருவர் வாய் திறக்காத இருவரும் ஒரே குரலில் அலறினார்கள்:

"பாப்பா அங்கதானே இருக்கா?"