மை தீர்ந்த பேனா

குளிப்பாட்டிக் கிடத்தியிருந்த அப்பாவின் சட்டைக்குக் கடைசிப் பொத்தானைப் போட்டுவிட்டு அவள் நிமிர்ந்தபோது, தம்பி எழுத்துப் பலகையோடு அறை வாசலில் நின்றான். அதில் செருகியிருந்த தாள்களை ஒவ்வொன்றாக உருவிக் காட்டினான். பதினொரு பக்கங்கள். எல்லாம் வெள்ளை.

"ஒண்ணுமே இல்லக்கா. ஒரு மாசமா சும்மா கையைத்தான் ஆட்டிட்டு இருந்திருக்காரு. நினைவு தப்புதுன்னு டாக்டர் அப்பவே சொன்னாரு."

அவள் பலகையை வாங்கிக்கொண்டாள். அது அவள் செய்தது. தையல்காரி அவள். அப்பாவுக்குப் பார்வை போனதும், வரி கோணாமல் எழுத, தடித்த அட்டையின் குறுக்கே கம்பிகள் கட்டிக் கொடுத்தாள். 'ழ' வரும்போதெல்லாம் கீழே இறங்கும் வால் கம்பியில் இடித்தது. கம்பியை எடுத்துவிட்டு எலாஸ்டிக் நூல் தைத்தாள். எழுத்து இறங்கும்போது அது வளைந்து கொடுக்கும். பேனா நகர்ந்ததும் நேராகிவிடும். அப்பா தடவிப் பார்த்துச் சிரித்தார். கடவுளுக்குக்கூட இவ்வளவு மூளை கிடையாது, இருந்தால்தானே என்றார்.

அச்சகத்தில் நாற்பது வருடம் பிழை திருத்தியவர். கண்ணால் காணாததை நம்பமாட்டேன் என்று மேடை மேடையாகக் கவிதை படித்தவர். பார்வை போன பிறகு, இப்போதாவது சாமி கும்பிடுவாயா என்று பெரியப்பா கிண்டல் செய்தார். அதற்குத்தான் பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன், முடியும்வரை யாரும் வாயைக் கிளறக் கூடாது என்று சொல்லிவிட்டார் அப்பா.

அந்தப் பதிலா இந்த வெள்ளைத் தாள்?

நாலு மணிக்குச் சுடுகாட்டு வண்டி வந்துவிடும். அவள் அப்பாவின் பேனாவை எடுத்து உள்ளங்கையில் கிறுக்கினாள். கீறியது, நிறம் வரவில்லை. முதல் தேதிதோறும் ரீஃபில் மாற்றுவது அவள் பொறுப்பு. இந்த மாதம் பள்ளிச் சீருடை அவசரத்தில் மறந்துபோயிருந்தாள். மை தீர்ந்தது அவருக்கு எப்படித் தெரியும்?

விரலால் தாளைத் தடவினாள். பள்ளம் பள்ளமாக இருந்தது.

துணியில் அளவு குறிக்கும் நீலச் சாக்கைக் கொண்டுவந்து, தாளின் மேல் படுக்கைவாக்கில் வைத்து, அழுத்தாமல் தேய்த்தாள். சாக் மேட்டில்தான் ஒட்டும். பேனா பதிந்த பள்ளத்துக்குள் இறங்காது. நீலத்துக்கு நடுவே வெள்ளை எழுத்துகள் வரிசை குலையாமல் எழுந்து வந்தன. தம்பி தரையில் உட்கார்ந்தான். அவள் தேய்க்கத் தேய்க்க வாசித்தான். முதலில் முணுமுணுப்பாக, பிறகு கூடத்துக்குக் கேட்கும்படி.

"உன்னைக் காணவில்லை என்று
ஊரெல்லாம் சொல்லி வந்தேன்.
இப்போது எதையுமே காணாதவன்,
நீ மட்டும் இல்லையென்று
எந்த வாயால் சொல்வேன்?"

கூடத்தில் இருந்தவர்கள் எழுந்து அறை வாசலுக்கு வந்தார்கள். பெரியப்பா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பாத்தியா? கடைசி வரைக்கும் நேரா ஆமான்னு சொல்லல, திருட்டுப்பய," என்றார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

பத்துப் பக்கம் முடிந்தும் ஒரு பிழைகூட இல்லை. வெளியே வண்டி ஹாரன் அடித்தது. பெரியப்பா ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"இருப்பா. அவன் இன்னும் முடிக்கல."

பதினோராவது பக்கத்தின் கடைசி வரியைத் தம்பி இரண்டு முறை வாசித்தான். அதன் முடிவில் முற்றுப்புள்ளி. அப்பா அதை அழுத்தி வைத்ததில் தாள் பொத்துப்போயிருந்தது. சாக் தூளை உதிர்ப்பதற்காக அவள் தாளை ஜன்னல் வெயிலில் தூக்கிப் பிடித்தாள். அப்பாவின் வெள்ளைச் சட்டைமேல் ஒரு புள்ளி வெளிச்சம் வந்து விழுந்தது.