ரியூசன் போகாத பத்துப் பேர்

1

இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை. கொக்குவிலில் ஒரு பாடசாலை மண்டபத்தில், மட்டையில் ஒட்டி வைத்திருந்ததைப் பார்த்து எடுத்தேன். ஒட்டியவள் கீர்த்திகா, தரம் பத்து. தலைப்பு: ‘ரியூசன் போனால் புள்ளி கூடுமா?’

யாழ்ப்பாணத்தில் இப்படிக் கேட்க நெஞ்சுரம் வேண்டும். கடவுள் உண்டா என்று கேட்டால்கூட இவ்வளவு பேர் முறைக்க மாட்டார்கள்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘கீர்த்திகாவின் கண்களில் அறிவின் ஒளி...’

(வெட்டியாயிற்று. ஒளி இல்லை, தடித்த கண்ணாடிதான் இருந்தது.)

பரிசோதனை எளிமையானது. வகுப்பில் இருபது பேர். பத்துப் பேர் வழக்கம்போலப் பாடசாலை விட்டதும் கணித ரியூசன் போவார்கள். பத்துப் பேர் ஒரு தவணை முழுக்கப் போக மாட்டார்கள். நாம் வேண்டுமென்றே மாற்றுவது சாரா மாறி, இங்கே ரியூசன். அதனால் மாறுகிறதா என்று பார்ப்பது சார்ந்த மாறி, கணிதப் புள்ளி. மாறாமல் பிடித்து வைக்க வேண்டியவை கட்டுப்பாட்டு மாறிகள்: ஒரே ஆசிரியர், ஒரே வினாத்தாள், வீட்டில் படிக்கும் ஒரே நேரம்.

(அடிக்குறிப்பு: பெற்றோரை எப்படிப் பிடித்து வைப்பது என்று எந்தப் பாடநூலிலும் இல்லை.)

பெற்றோர் கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டினோம். “பிள்ளையளின்ரை ஆராய்ச்சிக்கு நாங்கள் உதவாமல் வேறை ஆர் உதவுறது?” என்றார் ஒருவர். கைதட்டல்.

3

தவணை முடிவில் இரண்டு குழுவின் சராசரியும் ஏறக்குறைய ஒன்றே. வலய விஞ்ஞானப் போட்டியில் கீர்த்திகாவின் ஆய்வுக்கு முதலிடம். நடுவர்கள் ‘புரட்சி’ என்றார்கள். [அன்று மாலை நடுவர்களின் பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று நான் எழுதப் போவதில்லை.]

கீர்த்திகாவுக்குச் சந்தோசமில்லை. ரியூசனை விட்ட பத்துப் பேரில் அவளும் ஒருத்தி. அவளுடைய புள்ளி எழுபத்தெட்டிலிருந்து ஐம்பத்தொன்றுக்கு விழுந்திருந்தது. மற்ற ஒன்பது பேருக்கும் ஒன்றுகூடக் குறையவில்லை. ஒருத்தியைப் பிடித்துக் கேட்டாள்.

“உண்மையைச் சொல்லடி. ரியூசன் போனனியோ?”

“ஓம். ஆனா எங்கடை ரியூட்டரிக்கு இல்லை. கொழும்புத்துறையிலை ஒரு கணக்கு வாத்தியாரிட்டை. எங்களை ஒருத்தருக்கும் தெரியாத இடமெண்டு போனன். அங்கை பாத்தா மற்ற எட்டுப் பேரும் இருக்கினம்.”

இந்த இடத்தைச் சிரித்துக்கொண்டே எழுதினேன். பிறகு அந்தப் பிள்ளைக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. உதயகலா என்று எழுதி வெட்டினேன். அவள் பெயர் சுபாஜினி. என் மகள். நகரின் மறுகோடியிலுள்ள கொழும்புத்துறைக்கு மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனவன் நான். மற்ற எட்டுத் தகப்பன்மாரும் அதே வாசற்படலையில் நின்றார்கள். ஒருவரும் ஹெல்மெற்றைக் கழற்றவில்லை.

4

மாகாணப் போட்டிக்கு ஒரு நிபந்தனை வந்தது. ‘என் பிள்ளை அந்தத் தவணை எந்த ரியூசனுக்கும் போகவில்லை’ என்று பெற்றோர் கையெழுத்திட வேண்டும். படலையில் நின்ற எட்டுப் பேரும் போட்டுவிட்டார்கள். என்னுடைய தாளைக் கீர்த்திகாவே வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

“அங்கிள், பொய்யெண்டாப் போடாதேங்கோ.”

“போட்டியிலை இருந்து எடுத்துப்போடுவினம், பிள்ளை.”

“எடுக்கட்டும். நீங்களும் போட்டா, ரியூசன் இல்லாமல் எல்லாரும் படிச்சிட்டினம், எனக்கு மட்டும் மூளை இல்லையெண்டுதானே வரும்?”

இந்தக் கதையில் நான் உண்மையாகவே வெட்கப்பட்டது இங்கேதான்.

5

முடிவு அ: கையெழுத்துப் போடவில்லை. நானும் சுபாஜினியும் மற்ற எட்டுக் குடும்பங்களும் ஊர்வாயில் விழுகிறோம். கீர்த்திகா தலைநிமிர்கிறாள். (அழகான முடிவு. என்னை அறிந்த எவரும் நம்ப மாட்டார்கள்.)

முடிவு ஆ: போடுகிறேன். கீர்த்திகாவுக்குப் பரிசு கிடைக்கிறது. தனக்குக் கணக்கு வராது என்று நம்பியே வளர்கிறாள். (எழுதும்போது பலமுறை வெட்டுவேன் என்று நினைத்தேன். ஒரு சொல்லைக்கூட வெட்டவில்லை.)

முடிவு இ: அவள் இன்னும் எங்கள் வீட்டு விறாந்தைக் கதிரையில்...

உள்ளேயிருந்து சுபாஜினி கூப்பிடுகிறாள்: “அப்பா, கெதியா முடிச்சிட்டு வாங்கோ, ரியூசனுக்கு நேரம் போகுது!”

கீர்த்திகா அதைக் கேட்டுவிட்டாள். தாளையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

உங்களுக்கும் பிள்ளைகள் இருக்கும்தானே. இந்தாருங்கள் பேனை.