மாவு மில்லிலிருந்து ஒரு ரகசியச் செய்தி

போர் வரும்வரை அந்த ஊருக்கு மின்சாரம் வரவில்லை. நாலு வீட்டு விளக்குக்காக அவ்வளவு தூரம் கம்பி இழுத்தால் கட்டுப்படியாகாது என்று மின்சாரக் கம்பெனி வருஷக்கணக்காகக் கையை விரித்துக்கொண்டிருந்தது. போர் வந்ததும், ஊருக்குப் பின்னாலிருந்த மலையில் ராணுவம் முகாம் போட்டு, எதிரியின் வானொலிப் பேச்சை ஒட்டுக்கேட்கிற கருவிகளைக் கொண்டுவந்து இறக்கியது. அவ்வளவுதான், மழைக்குக் காளான் முளைத்த மாதிரி வயலெல்லாம் மின்கம்பங்கள்.

அவற்றை நட்ட லைன்மேனுக்கும் ஊரில் கம்பம் என்றுதான் பெயர். உயரம் அப்படி. பிறந்து வளர்ந்த ஊரின் தலைக்கு மேலே கம்பி போக, கீழே ஊர் இருட்டில் கிடப்பதை அவனால் பொறுக்க முடியவில்லை. ஆனால் முகாமுக்கு மட்டும்தான் என்பது உத்தரவு. யோசித்துவிட்டு இன்ஜினியரிடம் போய் நின்றான்.

"சார், முகாமுக்கு ரொட்டி மாவு எங்கக்கா மில்லுல இருந்துதான் போகுது. டீசலுக்கு ரேஷன் வந்துருச்சு. மில்லு நின்னா சிப்பாய்ங்க பட்டினி. அப்ப மில்லும் ராணுவம்தானே சார்?"

இன்ஜினியர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். ஏறிப் பார்க்கவே கொஞ்ச நேரம் பிடித்தது.

"மில்லுக்குக் குடு. வழியில இருக்கற வீடுங்களுக்கும் ஆளுக்கொரு விளக்கு போட்டுட்டுப் போ. நான் எதையும் பாக்கல."

மோட்டாருக்கும் ஒரு வழி பிறந்தது. நகரத்துத் தொழிற்சாலை ஒன்று கிணற்று மோட்டார் செய்வதை நிறுத்திவிட்டுப் போர்க்கப்பல்களுக்குச் செய்துகொண்டிருந்தது. ஓடும்போது தீப்பொறி பறக்கிறது என்று கடற்படை ஒதுக்கித் தள்ளிய மோட்டார் ஒன்று மில்லுக்கு வந்து சேர்ந்தது. கடலைப் பார்க்க வேண்டியது மாவில் குளித்தது.

அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. தொல்லை அவள் புருஷனான மாமாவால் வந்தது. அவர் தீக்குச்சியை இரண்டாகப் பிளந்து வைத்துக்கொள்கிற ரகம். ஒரு மூட்டை அரைத்து முடிந்து அடுத்ததன் கட்டை அவிழ்ப்பதற்குள் போய் சுவிட்சை அணைத்துவிடுவார். அக்கா வந்து போடுவாள். அவர் அணைப்பார்.

"மூட்டை அவுக்கற நேரத்துல எதுக்குடி அது சும்மா ஓடணும்?"

"நீங்க கூடத்தான் சும்மா ஓடிட்டிருக்கீங்க. உங்கள யாரு நிறுத்துனா?"

மத்தியானம் முழுக்க இதே கச்சேரி.

ஒருநாள் முகாமின் கேப்டன் ஜீப்பில் வந்து கம்பத்தைத் தேடிப் பிடித்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"இந்த வட்டாரத்துல இருந்து யாரோ ரகசியமா செய்தி அனுப்பறாங்க. தினமும் மத்தியானம், விட்டு விட்டு வருது. தலைநகரத்துல பெரிய மூளைங்க எல்லாம் உக்காந்து அதை உடைச்சிட்டிருக்காங்க. 'படகு'ன்னு ஒரு வார்த்தை கிடைச்சிருக்கு."

"இங்க ஆறே கிடையாதே சார்."

"அதான் எங்களுக்கும் கவலை."

ஜீப்பில் ஒரு பெட்டி இருந்தது. சமிக்ஞை வரும் திசையில் அதன் முள் சாயும், பக்கத்தில் போகப் போகக் கிறீச்சிடும். வழி காட்டக் கம்பம் ஏறிக்கொண்டான். கோயிலைத் தாண்டி, சந்தைத் திடலைத் தாண்டி, அக்கா வீட்டுத் தெருவுக்குள் முள் திரும்பியபோது அவன் தன் உயரத்தை இருக்கைக்குள் மடக்கிக்கொண்டான்.

மில் வாசலில் பெட்டி காது கிழிய அலறியது. சிப்பாய்கள் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள். தலையிலிருந்து கால்வரை மாவு படிந்த இருவர் ஒரு சுவிட்சுக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா போட்டாள், பெட்டி கத்தியது. மாமா அணைத்தார், வாயை மூடியது.

கேப்டன் பெட்டியையும் சுவிட்சையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கம்பத்திடம் மெல்லக் கேட்டார். "இவங்க எத்தனை நாளா இப்படி?"

"கல்யாணம் ஆன நாள்ல இருந்து சார். கரண்ட் வந்தது இப்பதான்."

மானம் போன கோபத்தில் கேப்டன் மில்லின் மின்சாரத்தை அங்கேயே துண்டிக்கச் சொன்னார். அக்கா பார்த்துக்கொண்டிருக்க, கம்பம் தன் கையாலேயே ஃபியூஸைப் பிடுங்கினான். அக்கா குனிந்து, பாதி அரைத்த மூட்டையைத் திரும்பக் கட்டினாள். அதுதான் அவனைச் சுட்டது.

முகாமில் இருந்த மாவு தீர்ந்தது. சிப்பாய்கள் டப்பா பட்டாணியைத் தின்றார்கள், மறுபடியும் பட்டாணியே வந்தது. ஒட்டுக்கேட்கிறவர்களின் வயிறு போட்ட சத்தத்தில் எதிரியின் சத்தம் கேட்கவில்லை என்று ஒருவன் மேலதிகாரி முகத்துக்கு நேரே சொன்னான். கேப்டன் மறுபடி ஜீப்பில் வந்தார்.

"மாவு எப்பம்மா கிடைக்கும்?"

"கரண்ட் எப்ப சார் கிடைக்கும்?" என்றாள் அக்கா.

கேப்டனின் அவசரச் செய்தி தொழிற்சாலைக்குப் பறந்தது. மோட்டாரின் தீப்பொறி வானொலியில் போடும் இரைச்சலை அடக்குகிற கண்டென்சர் ஒன்று வந்தது. கம்பம் அதை மாட்டி ஃபியூஸையும் திரும்பப் போட்டான், மோட்டார் பூனையாகிவிட்டது. ஆனால் சுவிட்சைத் தட்டும்போதெல்லாம் பெட்டி இன்னும் விக்கியது. அதற்குத் தொழிற்சாலையில் பாகம் இல்லை.

"சார், எங்க மாமாவுக்கு ஒரு வேலை குடுங்களேன்," என்றான் கம்பம். "விளக்கை அணைக்கற வேலையா இருந்தா உயிரைக் குடுத்துச் செய்வாரு."

எதிரி விமானத்துக்கு ஊர் தெரியக்கூடாதென்று பொழுது சாய்ந்ததும் எல்லோரும் விளக்கை அணைக்க வேண்டிய காலம் அது. கேப்டன் மாமாவுக்குக் கையில் ஒரு பட்டையைக் கட்டி, இருட்டடிப்புக் காவலர் ஆக்கினார். அன்று முதல் மாமா மில் பக்கம் வரவில்லை. மத்தியானமே கிளம்பி, வீடு வீடாக யார் விளக்கு எங்கே தொங்குகிறது என்று பார்த்து வைத்துக்கொள்வார். மாவட்டத்திலேயே நன்றாக இருண்ட ஊர் என்று பாராட்டு வந்தது. எதிரியின் ரகசிய சமிக்ஞை அடக்கப்பட்டது என்று கேப்டன் மேலிடத்துக்குச் சொன்னார். அதற்கும் பாராட்டு வந்தது.

பிறகொரு சாயங்காலம் மின்சார அலுவலகத்துத் தொலைபேசி அடித்தது. கம்பம் எடுத்தான். கேப்டன் குரல், பக்கத்தில் தட்டுகள் உருளும் சத்தம்.

"உங்க மாமா மலையேறி வந்து எங்க சாப்பாட்டுக் கூடத்து விளக்கை அணைச்சிட்டாருப்பா. ஜன்னல் எல்லாம் மூடித்தான் இருக்குன்னு சொல்றோம், கேக்க மாட்டேங்கறாரு. எங்க கையில இருக்கறது ரொட்டியா, பக்கத்துல இருக்கறவன் கையான்னே தெரியல."

"நீங்க மறுபடி போட்டுப் பாருங்க சார்."

"போட்டோம். அணைச்சிட்டாரு."

கம்பம் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அக்காவை அனுப்புவதாகச் சொன்னான்.