அமைச்சருக்கு நெஞ்சு வலிக்கிறது

"ஐயோ, நெஞ்சு!"

டிஎஸ்பி கைது வாரண்டைப் படித்து முடிக்கக்கூட இல்லை. சுகாதார அமைச்சர் மார்பைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். பார்த்துத்தான் சரிந்தார், சோபாவில், தலையணை இருந்த பக்கமாக.

டிஎஸ்பிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆம்புலன்ஸ் வாங்கியதில் அடித்த கொள்ளையை முடிச்சு முடிச்சாக அவிழ்த்து இந்த வரவேற்பறை வரை வந்திருக்கிறாள். 'எனக்கு ஒண்ணுமே தெரியாது, எல்லாம் அதிகாரிகள் வேலை' என்று மனிதர் சாதிக்கிறார். கோர்ட் கலைவதற்குள் ஆளைக் கொண்டுபோய் நிறுத்தியாக வேண்டும். மாப்பிள்ளையின் ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்துவிட்டாரோ, அவருக்கு ஜாமீன், அவளுக்கு டிரான்ஸ்பர், கேஸுக்கு மங்களம்.

"மாப்பிள்ளைக்குப் போன் போடுங்க! நம்ம வண்டி வரட்டும்!" அமைச்சரின் மனைவி அலறினாள்.

"தெருமுனைக்கே வந்தாச்சு அண்ணி," என்றார் உதவியாளர். "ஆனா..."

வாசலில் நின்ற ஏட்டு சிரிப்பை மென்றுகொண்டே உள்ளே வந்தார். "மேடம், தலைவரைக் கொண்டு போக விட மாட்டோம்னு கட்சிக்காரங்க ரோட்டை அடைச்சுப் படுத்துட்டாங்க. மாப்பிள்ளை ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸ் முன்னாடியும் போக முடியாம, பின்னாடியும் போக முடியாம கத்திட்டு நிக்குது. அதுல போலீஸ் ஒளிஞ்சிருக்காம்!"

உதவியாளர் போனில் பாய்ந்தார். "டேய், அது நம்ம வண்டிடா! எந்திரிங்கடா!"

"பக்கத்துல போலீஸ் நின்னுட்டு உங்களைப் பேச வைக்குதுன்னு எங்களுக்குத் தெரியும்ணே!" ஸ்பீக்கரில் ஒரு தொண்டனின் குரல் தழுதழுத்தது. "உயிரே போனாலும் நகர மாட்டோம்!"

டிஎஸ்பியின் மூளையில் பளிச்சென்று ஒரு விளக்கு.

"ஐயா உயிர் முக்கியம். ஐயா கான்வாய்ல கூடவே வர்ற அரசு ஆம்புலன்ஸ் பின்கட்டுலதானே நிக்குது? அதுல ஏத்துங்க. பின் கேட் நம்ம கையிலதான் இருக்கு."

அமைச்சரின் ஒரு கண் திறந்தது. "எந்த ஆம்புலன்ஸ்?"

"நீங்க வாங்கிக் குடுத்ததுதான்யா."

அவர் வாயைத் திறப்பதற்குள் நாலு போலீஸ்காரர்கள் தூக்கி உள்ளே ஏற்றிவிட்டார்கள். கைதை முழுக்கப் படம் பிடிப்பது விதி; ஏட்டு செல்போனோடு பின்னாலேயே ஏறினார். டிஎஸ்பி கூட்டி வந்திருந்த அரசு டாக்டர் நாடி பார்த்தார். "துடிப்பு சீராத்தான் இருக்கு. இருந்தாலும் ரிஸ்க் வேண்டாம், முதல்ல ஆக்சிஜன்." குழாயைத் திறக்காமல், மாஸ்க்கை மட்டும் முகத்தருகே கொண்டுபோனார்.

"அதைத் தொடாதே!" நோயாளி விருட்டென்று எழுந்து உட்கார்ந்தார். "அது ஆக்சிஜனே இல்லய்யா! வெல்டிங் பட்டறை கேஸ் சிலிண்டர்! பெயிண்ட் அடிச்சு மாட்டினது!"

"உங்களுக்கு எப்படித் தெரியும் ஐயா?" டிஎஸ்பி மிக மிருதுவாகக் கேட்டாள்.

அமைச்சர் அவளைப் பார்த்தார். செல்போனைப் பார்த்தார். மறுபடி மாஸ்க்கைப் பார்த்தார். டாக்டரின் கை இன்னும் கீழே இறங்கவில்லை.

"சரிங்க, சிலிண்டர் வேண்டாம்," என்றார் டாக்டர் சளைக்காமல். "இந்த ஷாக் மெஷினாவது..."

அவ்வளவுதான். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரே தாவு! பின் கேட்டில் நின்ற போலீஸ் ஜீப்பின் பின்கதவைத் தானே திறந்து உள்ளே உட்கார்ந்துகொண்டார். "எடுங்கய்யா வண்டியை! கோர்ட்டுக்கே போவோம்!"

"என்னங்க, நெஞ்சு வலி?" மனைவி பின்னாலேயே ஓடி வந்தாள்.

"போயிடுச்சுடி!"

ஜீப் பறந்தது. கோர்ட்டில் நீதிபதி இன்னும் நாற்காலியை விட்டு எழவில்லை. அமைச்சர் மாடிப்படி ஏறிய வேகத்தில், ஏட்டுக்குத்தான் மூச்சு வாங்கியது.