பக்கத் திரைக்குப் பின்னால் ஒரு முக்காலி

...வாயைத் திறக்கக் கூடாது, அவ்வளவுதான், நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிவைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஆயிற்று, இதென்ன பெரிய வித்தை, என்று பக்கத் திரைக்குப் பின்னால் முக்காலியில் உட்கார்ந்து, மடியில் நாடகப் பிரதியை விரித்து, வரிமேல் விரலை வைத்தபடி அவன் தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். பின்னாளில் அவன் பெயரைப் போட்டாலே அரங்கு நிறையும், அது பின்னாள். இன்றைக்குக் காலையிலிருந்து ஒத்திகையில் இரண்டு தடவை வாங்கிக் கட்டிக்கொண்டாயிற்று. நடிகர்கள் வசனம் மறந்தால் மெல்ல எடுத்துக் கொடுக்க வேண்டும், நகரத்துக்கு வந்த பதினெட்டு நாளில் கிடைத்த ஒரே வேலை, ஆனால் மறக்காதபோதும் எடுத்துக் கொடுத்துவிடுகிறானே... "அது மறதி இல்லடா ஜவுளி, நடிப்பு!" என்று முன்வரிசையிலிருந்து டைரக்டர் கத்தினார், ஊரில் அப்பாவுக்கு ஜவுளிக்கடை என்று சொல்லித்தொலைத்த நாளிலிருந்து அவனுக்கு அதுதான் பெயர், "அந்தம்மா மூச்சு விடுறதுக்குள்ள நீ வசனத்தை விடுற. இன்னொரு தடவை வாயைத் திறந்தே, பெட்டியைத் தூக்கிக்கிட்டு ஊர் போய்ச் சேரு." வெறும் பெட்டியா அது, உள்ளே அவன் எழுதிய நாடகம் இருக்கிறது, மூன்று மாதம் ஒழுங்காக வேலை பார், அப்புறம் படிக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தவரும் இதே டைரக்டர்தான், அவர் அதைப் படிக்காமலே ஊர் திரும்பினால் கடையைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் என்ன சொல்வான்? ஒன்றும் சொல்ல மாட்டான், மீட்டர் கோலை எடுத்துக் கையில் கொடுப்பான், திட்டினால்கூடத் தேவலை.

கடையில் வளர்ந்தவனுக்கு மௌனம் என்றாலே ஆகாது, என்ன செய்வது, துணி பார்க்க வந்தவர் பேச்சை நிறுத்தினால் வாசலைப் பார்க்கிறார் என்று அர்த்தம், "வாய் நின்னா கால் நடக்கும்டா" என்பார் அப்பா, அதனால் பேச்சு அறுந்த இடத்தில் உடனே ஒன்றைச் செருகு, சாயம் போகாதுங்க, உங்க நிறத்துக்கு எடுப்பா இருக்கும்ங்க, வீட்ல அவங்களுக்கு ஒண்ணு பார்க்கலாமா... பஸ் ஏற்றிவிட வந்த அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றபோதும் இதே புத்திதான், லெட்டர் போடுறேன்ப்பா, தங்குறதுக்கு இடம் இருக்குப்பா, என்று சரக்கைப் பிரித்துப் போட்டுக்கொண்டே இருந்தான், வண்டி கிளம்பிவிட்டது. அவர் ஏதோ சொல்ல வந்தாரோ? இப்போது எதற்கு அந்த ஆராய்ச்சி, வரியைப் பார், வரியைப் பார்.

மேடையில் அம்மா வேடக்காரி, எல்லோருக்கும் அவள் பெரியம்மா, சொல்லாமல் ஓடிப்போய்ப் பத்து வருஷம் கழித்து வந்து நிற்கிற மகனைப் பார்க்கிறாள், அடுத்த வரி 'வா மகனே, நடந்ததை எல்லாம் நான் மறந்துவிட்டேன்', விரல் சரியாக அதன்மேல்தான் இருக்கிறது, அவள் சொல்லவில்லை. நடிப்பா? நடிப்புத்தான். இல்லை, கண் இந்தப் பக்கம் வருகிறதே... வரட்டும், அதுவும் நடிப்பாக இருக்கலாம், மூன்றாவது தடவை ஏமாற அவன் என்ன இளிச்சவாயனா, தொண்டை வரை வந்த வரியை விழுங்கினான், மகன் வேடக்காரன் காலை மாற்றி நிற்கிறான், இத்தனை நேரம் கடையில் யாரும் பேசாமல் இருந்தால் கடையே காலி... பெரியம்மா மகனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கதவைச் சாத்து. ஈ வருது," என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. "ஜவுளி! அதை எழுதிக்கோ, பழசை அடிச்சிடு," என்றார் டைரக்டர், அவன் அடித்தான், எழுதினான். திரைக்குப் பின்னால் வந்த பெரியம்மா அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள், "பாவி, வாய்க்குப் பூட்டா போட்டிருந்தே? சுத்தமா மறந்துபோய் முழிக்கிறேன், நீ வேடிக்கை பார்க்கிறே!" அப்படியானால் அது மறதி... அவன் நாடகத்தில் யாராவது மறக்கிறார்களா? அறுபது பக்கம், ஒருத்தர் விட்ட இடத்தில் இன்னொருத்தர், திக்கினவர் இல்லை, திணறினவர் இல்லை, சாகக் கிடக்கிற ஆள்கூட மூன்று பக்கம் பேசிவிட்டுத்தான் சாகிறான், அத்தனை பேரும் துணி விற்கிறார்களே! டைரக்டர் தோளில் தட்டினார், "இப்பத்தான்டா தொழில் புடிபட்டிருக்கு. மூணு மாசம் எல்லாம் எதுக்கு, அந்த நாடகத்தை நாளைக்கே கொண்டா, பார்ப்போம்." நாளைக்கா சார், என்று இழுத்தான், பெட்டி பூட்டியிருக்கு சார், சாவிதான் எங்கே வெச்சேன்னு தெரியலை... சாவி சட்டைப்பையில் இருந்தது, அதன்மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டான்.